ஆனியில் கையெழுத்து, ஆவணியில் தாலி: ஒரு கே-1 விசாவின் 90 நாள்

மாப்பிள்ளை மதுரைக்காரர், இயந்திரவியல் பொறியாளர். பெண் டாலஸ் பக்கத்துப் புறநகர் ஒன்றில் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகள், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். அவரைத் திருமணம் செய்துகொள்ள மாப்பிள்ளை கே-1 விசாவில் 2025 ஜூன் 14 அன்று டாலஸ் விமான நிலையத்தில் இறங்கினார். கல்யாணத் தேதி அதற்குள் முடிவாகிவிட்டது: ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை, வளர்பிறை, ஆவணி மாதம். அடுத்த திங்கள் லேபர் டே விடுமுறை என்பதால் கலிபோர்னியாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் உறவினர்கள் வர வசதி. மண்டபத்துக்கு முன்பணமும் கட்டியாகிவிட்டது. பெண்ணின் அப்பா பஞ்சாங்கத்தையும் விடுமுறைப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறித்த நாள் அது. அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

டாலஸ் பக்கத்தில் குடியேற்றப் படிவங்களோடு தடுமாறும் குடும்பங்களுக்கு உதவுவது எனக்கு வழக்கம். நான் வழக்கறிஞன் அல்ல. யாரையும் அடையாளம் காண முடியாதபடி இரண்டு மூன்று குடும்பங்களின் அனுபவத்தை இங்கே ஒன்றாக்கியிருக்கிறேன். விதிகளும் கட்டணங்களும் 2025 கோடையில் இருந்தபடியே இருக்கின்றன.

கே-1 என்பது கல்யாணம் ஆகாதவர்களுக்கான விசா. அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ ஐ-129எஃப் என்ற மனுவைப் போட வேண்டும். அது தேறினால், இந்தியர்களுக்கு மும்பைத் தூதரகத்தில் நேர்காணல். விசா ஒரே ஒரு நுழைவுக்குத்தான். உள்ளே நுழைந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மனுப்போட்டவரையே மணக்க வேண்டும். இந்த 90 நாளை நீட்டிக்க வழியே இல்லை. மாணவர் விசாவாகவோ வேலை விசாவாகவோ மாற்றிக்கொள்ளவும் முடியாது. கிரீன் கார்டு வேண்டுமானால், மனுப்போட்டவரை மணந்து, ஐ-485 விண்ணப்பம் போடுவது ஒன்றே வழி.

விமான நிலையத்திலிருந்து வந்த அன்றே அவரை ஐ-94 என்ற நுழைவுப் பதிவை இணையத்திலிருந்து இறக்கிப் பார்க்கச் சொன்னேன். கடவுச்சீட்டில் குத்தும் முத்திரையைவிட இந்த மின்பதிவுதான் கணக்கு. பிரிவு கே1 என்றும், தங்கும் கெடு செப்டம்பர் 12 என்றும் இருந்தது. பெயர்தான் விசித்திரமாக இருந்தது. நம் ஊர் வழக்கப்படி தலைப்பெழுத்தோடு ஒற்றைப் பெயர் வைத்திருந்தவர். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலி. அதனால் விசாவில் முழுப்பெயரும் குடும்பப்பெயர் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று ஏறிவிட்டது. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஊரிலேயே கடவுச்சீட்டைத் திருத்திப் பெயரைப் பிரித்துக்கொண்டு, அதன் பிறகு ஐ-129எஃப் போட்டிருந்தால் இந்தத் தலைவலி இல்லை. இங்கே வந்த பின் செய்ய முடிந்தது ஒன்றுதான்: எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி எழுதுவது. திருமண உரிமத்தில் ஒரு வடிவம், ஐ-485-இல் வேறொரு வடிவம் என்றால் பிறகு ஒவ்வொரு அலுவலகத்திலும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 29-இல் என்ன சிக்கல்?

மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. கெடு செப்டம்பர் 12; கல்யாணம் அதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே நடக்கிறது. பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டதும் இதைத்தான்: “தொண்ணூறு நாளுக்குள் கல்யாணம் செய்யச் சொல்கிறார்கள், செய்கிறோம். இதில் என்ன தம்பி பிரச்சினை?”

சட்டப்படி அவர் சொன்னது சரி. 90 நாளுக்குள் மணந்துவிட்டால் போதும். ஐ-485 விண்ணப்பத்தை அதே 90 நாளுக்குள் போட வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. ஆனால் ஐ-94 கெடு முடிந்து, ஐ-485 இன்னும் போய்ச் சேராமல் இருக்கும் இடைவெளியில் மாப்பிள்ளை எந்தத் தகுதியும் இல்லாமல் நாட்டில் இருப்பவர் ஆகிறார். அந்த நாட்கள் சட்டவிரோதத் தங்கலாகச் சேரும். 180 நாளைத் தாண்டிச் சேர்ந்து, அதன் பிறகு நாட்டை விட்டு வெளியேறினால் மூன்று ஆண்டுத் தடை. ஓராண்டு சேர்ந்தால் பத்தாண்டு. இரண்டு மூன்று வார இடைவெளி அவ்வளவு தூரம் போகாது என்பது உண்மைதான். ஆனாலும் அந்த வாரங்களில் போலீஸ்காரர் காரை நிறுத்தினால் காட்ட ஒரு ரசீதுகூட இருக்காது. இன்றைய அமெரிக்காவில் அந்த நிலையில் ஒருவரை நிறுத்திவைக்க எனக்கு மனம் வரவில்லை.

இடைவெளி ஏன் வருகிறது என்பதைக் குடும்பத்தார் யோசிக்கவில்லை. கல்யாணம் முடிந்த மறுநாள் ஐ-485-ஐத் தபாலில் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்கள். டெக்சஸில் முதலில் கவுன்டி கிளார்க் அலுவலகத்தில் இருவரும் நேரில் போய்த் திருமண உரிமம் வாங்க வேண்டும். வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் சடங்கு. உரிமம் 90 நாள் செல்லும். சடங்கை நடத்தி வைப்பவர், அது கோயில் குருக்களாக இருந்தாலும் நீதிபதியாக இருந்தாலும், கையெழுத்திட்டு உரிமத்தைக் கிளார்க் அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு அவருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அது பதிவாகித் திரும்பிய பிறகுதான் சான்றிட்ட நகல் கையில் கிடைக்கும். அந்த நகல் இல்லாமல் ஐ-485 பொதியைக் கட்ட முடியாது. லேபர் டே விடுமுறையில் கல்யாணம், அடுத்த வாரம் விருந்து, குருக்களுக்கு அடுத்தடுத்து முகூர்த்தங்கள் என்றால் நகல் வரும்போது செப்டம்பர் 12 கடந்து போயிருக்கும்.

சமூகப் பாதுகாப்பு எண் என்றொரு தனிக் கணக்கும் இருக்கிறது. கே-1-இல் வந்தவர் ஐ-94 செல்லும் காலத்தில் இந்த எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் வந்த மறுநாளே போய்ப் பயனில்லை. நுழைவுப் பதிவு கணினிகளில் ஏறி ஒத்துப்போக வேண்டும் என்பதால் இரண்டு வாரம் விட்டுப் போவது நல்லது. மறுபக்கம், ஐ-94 முடிய 14 நாளுக்கும் குறைவாக இருந்தால் எண் தர மாட்டார்கள். ஆகஸ்ட் 29-க்கும் செப்டம்பர் 12-க்கும் இடையே சரியாக 14 நாள்! கல்யாணம் முடியட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால் அந்தக் கதவு சாத்தியிருக்கும். வேலை அனுமதி அட்டை வரும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அந்த எண் இல்லாதவருக்குச் செல்போன் இணைப்பு வாங்குவதில் தொடங்கி எல்லாமே இழுபறிதான்.

பஞ்சாங்கமும் கவுன்டி கிளார்க்கும்

நான் சொன்ன யோசனை எளியது. சட்டப்படியான பதிவை உடனே முடித்துவிடுங்கள். தாலி, மேளம், மண்டபம் எல்லாம் ஆவணியிலேயே இருக்கட்டும்.

இதைச் சொன்னதும் வீட்டில் எழுந்த சத்தத்தைப் படிவங்களோடு மட்டும் பழகியவர்களால் புரிந்துகொள்ள முடியாது. ஜூலை 17-இல் ஆடி பிறக்கிறது. ஆடியில் கையெழுத்துப் போட்டாலும் கல்யாணம் கல்யாணம்தான் என்று பெண்ணின் அம்மாவுக்கு மனத்தாங்கல். “ஆடியில் மாப்பிள்ளையை வீட்டில் வைத்திருப்பதே ஒரு மாதிரி. இதில் கையெழுத்து வேறா?” என்றார். அப்பாவின் கவலை வேறு. முன்பே பதிவாகிவிட்டது என்று தெரிந்தால் முகூர்த்தத்துக்கு வருகிறவர்கள், நடப்பது வெறும் நாடகம் என்று நினைப்பார்களாம். “ஆனியில் கையெழுத்து, ஆவணியில் தாலி என்றால் ஊர் என்ன சொல்லும்?” அவர் ஊர் என்றது தேனிப் பக்கம், குடியிருப்பது டெக்சஸில், முப்பது ஆண்டாக.

கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் மதுரைச் சம்பந்தியம்மாள். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஆனி முடிவதற்குள்ளேயே ஒரு வளர்பிறை நாளில் கையெழுத்தை வைத்துக்கொள்ளலாம், அன்று வீட்டுச் சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்தால் போதும் என்றார். மாப்பிள்ளை தாலி கட்டும் வரை எங்கே தங்குவார் என்று பெண் வீட்டார் கேட்க, பெண்ணின் சித்தப்பா வீட்டு மாடியறை என்று அதுவும் முடிவானது. கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. சட்டத்துக்கு இவை எதிலும் அக்கறையில்லை.

ஜூலை முதல் தேதி சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்தார்கள். மறுநாள் கவுன்டி கிளார்க்கிடம் உரிமம். நான்காம் தேதி சுதந்திர தின விடுமுறை. ஏழாம் தேதி, வளர்பிறைத் திங்கட்கிழமை, உள்ளூர் நீதிபதி ஒருவர் முன் இருவரும் உறுதிமொழி சொல்லிக் கையெழுத்திட்டார்கள். பெண் மருந்துக்கடை வேலைக்கு அன்று மதியமே போய்விட்டார். நீதிமன்ற ஊழியர்களே உரிமத்தைத் திருப்பி அனுப்பும் வேலையைக் கவனித்துக்கொண்டதால் குருக்களைத் துரத்த வேண்டிய தேவை எழவில்லை. சான்றிட்ட நகல் மூன்று வாங்கச் சொன்னேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவையும் தாலியையும் பிரிக்கும் இந்த உத்தி அமெரிக்காவுக்கு வந்த பிறகுதான் செல்லும். ஊரில் முதலில் சடங்கை முடித்துவிட்டு, பதிவு செய்யவில்லை என்பதால் கல்யாணமாகாதவர் என்று சொல்லிக் கே-1-இல் வர நினைப்பவர்கள் உண்டு. இந்து திருமணச் சட்டப்படி சடங்கு நடந்தாலே திருமணம் செல்லும். பதிவு அதற்குச் சான்று மட்டும்தான். தமிழ்நாட்டிலோ உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே போதும் என்று 1967-இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் சொல்கிறது. ஆகவே நிச்சயதார்த்தப் புகைப்படத்தில் இருவர் கழுத்திலும் மாலை தெரிந்தால், நேர்காணல் செய்யும் அதிகாரிக்குச் சந்தேகம் வருவதில் வியப்பில்லை. இவர்கள் மதுரையில் தட்டு மாற்றியதோடு நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று. ஊரிலேயே விமரிசையாகக் கல்யாணம் செய்ய விரும்பும் குடும்பத்துக்குக் கே-1 பொருந்தாது என்பது என் கருத்து. அவர்கள் அங்கேயே மணந்து, பதிந்து, கணவன் அல்லது மனைவிக்காகப் போடும் ஐ-130 மனு வழியாக வரலாம். இறங்கும்போதே நிரந்தரக் குடியிருப்பாளராக இறங்கலாம்.

பொதி

ஜூலை கடைசி வாரத்தில் பொதி தபாலில் போனது. ஐ-485-க்கு 1,440 டாலர். கூடவே போட்ட வேலை அனுமதி விண்ணப்பமான ஐ-765-க்கு 260. பயண அனுமதியான அட்வான்ஸ் பரோலுக்கு ஐ-131 படிவம், 630 டாலர். மொத்தம் 2,330. 2024 ஏப்ரலுக்கு முன் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே மற்ற இரண்டும் அடங்கியிருந்தன. இப்போது ஒவ்வொன்றுக்கும் தனி. அதனால் பயண அனுமதியை விட்டுவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். மூன்று மாதமாகச் சம்பளமில்லாதவருக்கு 630 டாலர் பெரிய தொகை. அவருடைய அப்பா சர்க்கரை நோயாளி, இரண்டாண்டுக்கு முன் நெஞ்சுவலி வந்தவர் என்பதைக் கேள்விப்பட்டிருந்ததால் போடச் சொன்னேன்.

கணவரின் செலவுக்குத் தான் பொறுப்பு என்று பெண் ஐ-864 உறுதிப்பத்திரம் கொடுத்தார். இருவர் குடும்பத்துக்கு அப்போது காட்ட வேண்டிய வருமானம் ஆண்டுக்கு 26,437 டாலர். மருந்தாளுநரின் சம்பளத்துக்கு முன் அது ஒன்றுமில்லை. மருத்துவப் பரிசோதனை மும்பைப் பயணத்தின்போதே முடிந்திருந்தது. ஓராண்டுக்குள் ஐ-485 போட்டால் முழுப் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதில்லை, தடுப்பூசிக் கணக்கைக் காட்டினால் போதும். சீக்கிரம் போடுவதில் இப்படிச் சின்னச் சின்ன லாபங்களும் இருக்கின்றன.

ஆகஸ்டு முதல் பாதியிலேயே மூன்று ரசீதுகளும் வந்துவிட்டன. அந்த நாளிலிருந்து செப்டம்பர் 12 என்ற தேதிக்குப் பல் இல்லை. ஐ-94 முடிந்தாலும், ஐ-485 நிலுவையில் இருக்கும் வரை அவர் இங்கே இருப்பதற்கு அனுமதி உண்டு. வேலை மட்டும் செய்யக் கூடாது. கே-1-இல் வந்த உடனே தனியாக ஒரு வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம் என்று நண்பர் ஒருவர் அவரிடம் சொல்லியிருந்தார். விதியில் அது இருக்கிறது. ஆனால் அந்த அட்டை ஐ-94 கெடுவோடு செத்துப்போகும், வருவதற்குள் கெடு முடிந்துவிடும். அதற்குப் பணம் கட்டுவது உண்டியலில் போடுவது போலத்தான்.

ஆகஸ்ட் 29 முகூர்த்தம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளையின் பெற்றோருக்குச் சுற்றுலா விசா கிடைக்காததால் மதுரையிலிருந்து திரையில் பார்த்தார்கள். நாடகம் என்று யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது என்றுதான் பேச்சு.

செப்டம்பர் மூன்றாம் வாரம்

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மாரடைப்பு. மூன்று இடத்தில் அடைப்பு, பைபாஸ் செய்ய வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரே மகன். அன்றிரவே டிக்கெட் போடப் பார்த்தார்.

பயண அனுமதி கைக்கு வராமல் கிளம்பினால் ஐ-485 கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும். கே-1 ஏற்கெனவே பயன்படுத்தி முடிந்த விசா. திரும்பி வர வேண்டுமானால் மனைவி ஐ-130 போட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் ஐ-131 நிலுவையில் இருப்பவர், உயிர் போகும் அவசரத்தில், குடியேற்றத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் அவசரப் பயண அனுமதி கேட்கலாம். தொலைபேசியில் அழைத்துக் காரணம் சொல்லிச் சந்திப்பு நேரம் வாங்க வேண்டும்.

மருத்துவமனைக் கடிதத்தில்தான் நேரம் போயிற்று. முதலில் வந்தது மருந்துச்சீட்டில் பேனாவால் எழுதிய இரண்டு வரி: நோயாளி அனுமதிக்கப்பட்டிருக்கிறார், இவண். தேதி இல்லை, முத்திரை இல்லை, மகனின் பெயர் இல்லை. அதை வைத்துக்கொண்டு ஜன்னலில் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதுரையில் இருந்த அத்தை மகன் மறுபடி போய், மருத்துவமனையின் தலைப்புத்தாளில் தட்டச்சு செய்து, நோயின் பெயர், அறுவைச் சிகிச்சைத் தேதி, நோயாளிக்கும் மகனுக்கும் உள்ள உறவு, மருத்துவரின் பதிவெண், கையெழுத்து எல்லாம் இருக்கும்படி வாங்கி அனுப்பினார். அதோடு ஐ-131 ரசீது, ஐ-485 ரசீது, கடவுச்சீட்டு, புகைப்படங்கள், விமான முன்பதிவு, அப்பா பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ். அனுமதித் தாள் கிடைத்தது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மதுரை போய்ச் சேர்ந்தார். திரும்பும்போது டாலஸில் தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள்; அட்வான்ஸ் பரோல் வைத்திருப்பது நுழைவுக்கு உத்தரவாதம் அல்ல என்பதால் அது எதிர்பார்த்ததுதான். உள்ளே விட்டார்கள்.

அந்த வாரத்தில் அவர் காட்டிய தாள்களில் இரண்டு ரசீதுகளை எடுத்துவிட்டுப் பாருங்கள். பதிவும் ஆகஸ்ட் 29-இலேயே நடந்திருந்தால், செப்டம்பர் மூன்றாம் வாரத்தில் சான்றிட்ட நகல் அப்போதுதான் வந்திருக்கும், அல்லது பொதி தபாலில் இருந்திருக்கும். ஐ-94 கெடு முடிந்துபோயிருக்கும். நிலுவையில் எதுவுமே இல்லாதவருக்கு அவசர அனுமதி கேட்க இடமே இல்லை. அப்பாவைப் பார்க்கப் போவதா, மனைவியோடு இருப்பதா என்று அவர் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். 90 நாளுக்குள் மணக்க வேண்டும் என்ற விதியை மீறாமலேயே அந்த இடத்துக்கு வந்து நின்றிருப்பார்.

90 நாளைக் கல்யாண ஏற்பாட்டுக்கான அவகாசம் என்று நம் குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகி, வேண்டும் அல்லது வேண்டாம் என்று முடிவெடுக்கத்தான் அதில் முதல் சில வாரங்கள். முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்றால், சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பித்த கையோடு பதிவை முடிப்பதைத் தள்ளிப்போட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. மண்டபம் கிடைக்கவில்லை என்பது காரணமாகாது.

பதிவைத் தள்ளித் தள்ளிக் கெடுவையே கோட்டைவிட்ட ஒரு ஜோடியையும் பார்த்திருக்கிறேன். 90 நாள் கழித்து மணந்தால் கே-1 வழியாக ஐ-485 போட முடியாது. மனுப்போட்டவரையே மணந்திருந்தாலும் புதிதாக ஐ-130 போட்டு, அதற்கான கட்டணமும் கட்டி, அதன் மேல்தான் ஐ-485. கிரீன் கார்டு கிடைக்காது என்றில்லை. ஆனால் அதுவரை போன காலம் சட்டவிரோதத் தங்கல்.

இந்த மதுரை மாப்பிள்ளைக்கு வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. இடையில் வீடு மாறினார்கள். முகவரி மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்பதை நினைவூட்டினேன். பதிவு 2025 ஜூலை 7. கார்டு கிடைக்கும் நாளில் கல்யாணமாகி இரண்டாண்டு ஆகவில்லை என்றால் இரண்டாண்டுக்கான நிபந்தனைக் கார்டுதான் வரும்; அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 போட வேண்டும், முன்கூட்டிப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நேர்காணல் வைத்தால் என்றைக்குக் கல்யாணம் என்ற கேள்வி வரும். ஜூலை 7 என்று சொல்லிவிட்டு ஆகஸ்ட் 29 ஆல்பத்தை நீட்டும்போது, சடங்கு பின்னால் நடந்தது என்று அதிகாரி கேட்பதற்கு முன்பே சொல்லும்படி இருவருக்கும் சொல்லியிருக்கிறேன். பெண்ணின் அப்பா மட்டும் யார் கேட்டாலும் ஆவணி என்றே சொல்கிறார். அவரை யாரும் நேர்காணலுக்குக் கூப்பிடப் போவதில்லை.